சார்லஸ் விதிக் கணக்கில் கால் இடறும் இடங்கள்

அழுத்தம் மாறாமல், 27 டிகிரி செல்சியஸில் 300 மி.லி. இருக்கும் வாயுவை 54 டிகிரிக்குச் சூடாக்கினால் கன அளவு எவ்வளவு ஆகும்? 27 இரட்டித்து 54 ஆனதால் 300-உம் 600 ஆகிவிடும் என்று எழுதுபவர்கள் ஏராளம். சரியான விடை 327 மி.லி. அழுத்தம் மாறாதபோது கன அளவு நேர்விகிதத்தில் இருப்பது கெல்வின் வெப்பநிலையோடுதான்; இதுவே சார்லஸ் விதி. செல்சியஸின் சுழி தண்ணீர் உறையும் புள்ளி. அதற்கும் நம் வாயுவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. செல்சியஸோடு 273-ஐக் கூட்டி, 27-ஐ 300 கெல்வின் என்றும் 54-ஐ 327 கெல்வின் என்றும் மாற்றிய பிறகே விகிதத்தில் கைவைக்க வேண்டும். 600 மி.லி. வேண்டுமென்றால் 600 கெல்வின், அதாவது 327 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றியாக வேண்டும்.

நேரெதிரான தவறும் உண்டு. 'வெப்பநிலை 27 டிகிரி உயர்ந்தது' என்று வினா சொன்னால், அந்த உயர்வோடும் சிலர் 273-ஐக் கூட்டிவிடுகிறார்கள். உயர்வு என்பது செல்சியஸ், கெல்வின் என இரண்டு அளவுகோல்களிலும் ஒன்றே.

டிகிரிக்கு 273-இல் ஒரு பங்கு விரிவடையும் என்று மனப்பாடம் செய்தவர்கள், எதில் ஒரு பங்கு என்பதை விட்டுவிடுகிறார்கள். 0 டிகிரியில் உள்ள கன அளவில்தான். நம் வாயு அங்கே 273 மி.லி.; ஆகவே டிகிரிக்குச் சரியாக 1 மி.லி. கூடும். 300-ஐ 273-ஆல் வகுத்தால் விடை பிசகும்.

வரைபடத்தில் செல்சியஸ் அச்சைப் போட்டுவிட்டு, கோட்டை ஆதிப்புள்ளி வழியாக இழுப்பதும் இதே குழப்பத்தின் விளைவு. கோடு வெப்பநிலை அச்சைத் தொடுவது -273-இல். அந்தக் கடைசிப் பகுதியைப் புள்ளிக்கோடாக வரைய வேண்டும். ஏனென்றால் அதற்கு முன்பே வாயு திரவமாகிவிடும். நைட்ரஜன் -196 டிகிரியிலேயே.

விதியின் நிபந்தனைகளை மறப்பது இன்னொரு வகை. வெயிலில் நிற்கும் வண்டியின் டயரில் கன அளவு ஏறக்குறைய மாறுவதில்லை, அழுத்தம்தான் ஏறுகிறது. அங்கே சார்லஸ் விதிக்கு வேலையில்லை. அழுத்தத்தையும் வெப்பநிலையையும் இணைக்கும் விதியைப் பிரெஞ்சு அறிவியலாளர் கே-லுசாக் பெயரில் சொல்வது வழக்கம். வேடிக்கை என்னவென்றால், 1787 வாக்கில் சார்லஸ் செய்து வெளியிடாமல் விட்ட சோதனைகளை 1802-இல் உலகுக்குச் சொன்னவரும் அதே கே-லுசாக்தான். மாணவர்கள் குழம்புவதில் வியப்பில்லை. சமையல் எரிவாயு சிலிண்டரை உதாரணம் காட்டுவது அதைவிட மோசம். உள்ளே பெரும்பகுதி திரவமாக இருப்பதால் இரண்டு விதிகளுமே அங்கே பொருந்தாது.

செய்முறையில் கண்ணுக்குத் தெரியாத எதிரி ஈரம். தண்ணீருக்கு மேல் காற்றை அடைத்துச் சூடாக்கினால் நீராவியும் சேர்ந்துகொள்ளும்; 60 டிகிரியில் அதன் பங்கு மட்டும் வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. வாயுவின் அளவே கூடிவிடுவதால் வரைபடம் நேர்கோடாக வராமல் மேல்நோக்கி வளையும். நுண்குழாயில் காற்றை அடைக்க அடர் கந்தக அமிலத் துளியைப் பயன்படுத்துவதற்குக் காரணம் இதுவே: வழியையும் அடைக்கும், ஈரத்தையும் உறிஞ்சும். குழாயின் மேல்முனையைத் திறந்தே வைக்க வேண்டும். மூடினால் அழுத்தம் மாறா நிலை போய்விடும்.