டெயில்கேட் பார்ட்டியில் மகளுக்குக் குளூட்டன் சேராமல் பார்த்துக்கொண்டது எப்படி: என் அனுபவம்

போன வருடம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள கிரீன் பேயில், லாம்போ ஃபீல்டு என்ற அமெரிக்கக் கால்பந்து மைதானத்துக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தில் டெயில்கேட் பார்ட்டி வைத்தோம், அதாவது ஆட்டத்துக்கு முன் காருக்குப் பக்கத்திலேயே சமைத்துச் சாப்பிடும் விருந்து. என் மகளுக்கு சீலியாக் நோய், கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உடம்புக்கு ஆகாது. அவளுக்குத் தனி பன் வாங்கினால் போதும் என்று நினைத்துவிட்டேன். அன்று ராத்திரி முழுக்க வாந்தி, பார்க்கவே முடியவில்லை.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக யோசித்தேன். விஸ்கான்சின் வழக்கப்படி பிராட்வர்ஸ்ட் சாசேஜை பீரில் வேகவைத்திருந்தோம், பீர் பெரும்பாலும் பார்லியில் செய்வதுதான். போதாததற்கு அதே கிரில்லில் சாதாரண பன்னையும் வாட்டியதில் கம்பி இடுக்கெல்லாம் கருகிய துணுக்குகள்.

இந்த வருடம் அவளுக்கென்று தனி மூலை வைக்காமல் மொத்தச் சாப்பாட்டையும் குளூட்டன் இல்லாமலே செய்துவிட்டேன், அதுதான் நிம்மதி. சின்னதாகப் புது கிரில், புது இடுக்கி. சாசேஜை ஆப்பிள் சைடரில் வெங்காயம் போட்டு வேகவைத்தேன், வாசனை அருமை. கடுகு சாஸ், கெட்சப் எல்லாம் பிழியும் பாட்டிலில். ஜாடி வைத்தால் யாராவது வெளியிலிருந்து கொண்டுவந்த சாதாரண பன்னில் தடவிய கத்தியை உள்ளே விட்டுவிடலாம். சுண்டலும் செய்தேன், ஆனால் பெருங்காயத்தூள் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். நண்பர்களிடம் பழமும் குளிர்பானமும் மட்டும் கொண்டுவரச் சொன்னேன், யாரும் தப்பாக நினைக்கவில்லை.

மகள் இரண்டு சாசேஜ் சாப்பிட்டாள், மறுநாள் காலை பள்ளிக்கும் போனாள்.