நிறக்குருடு: நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

பிள்ளைக்கு நிறம் தெரிகிறதா என்று பார்க்க நம் பக்கத்தில் செய்வது ஒன்றுதான். ஒரு சட்டையைக் காட்டி "இது என்ன கலர்?" என்று கேட்போம். "பச்சை" என்று பதில் வந்தால் சந்தேகம் தீர்ந்தது. இதை நம்பவே கூடாது. இலை பச்சை, தக்காளி சிவப்பு என்று கேட்டுக் கேட்டே பிள்ளைகள் மனப்பாடம் செய்திருப்பார்கள். மிச்சத்தை வெளிச்சம், மங்கலை வைத்து ஊகித்துவிடுவார்கள். அவர்கள் திணறுகிற இடம் வேறு. நுவரெலியாவில் இலைக்குள் மறைந்திருக்கும் ஸ்ட்ரோபெரிப் பழத்தைத் தேடச் சொல்லிப் பாருங்கள். தேயிலைத் தொழிற்சாலையில், அரைத்த கொழுந்து பச்சையிலிருந்து செம்பு நிறத்துக்கு மாறுவதைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்வதும் அப்படித்தான். அங்கே மணமும் இருப்பதால் ஓரளவு சமாளிக்கலாம்.

நிறக்குருடு என்றால் எல்லாம் கறுப்பு வெள்ளை என்று நினைப்பதும் தவறு. அது மிகமிக அரிது. நிறம் பார்க்க விழித்திரையில் மூன்று வகைக் கூம்புக் கலங்கள் உண்டு. நிறக்குருடு உள்ள பெரும்பாலானவர்களுக்கு அதில் சிவப்புக்கோ பச்சைக்கோ உரிய ஒரு வகை இல்லாமல் இருக்கும், அல்லது பிசகி வேலை செய்யும். சிவப்பு, பச்சை, மண்ணிறம் குழம்பும். நீலமும் மஞ்சளும் நன்றாகவே தெரியும். ஆகவே மரத்தின் அடிக்குப் பச்சை பூசிய பிள்ளையைக் கவனம் இல்லை என்று ஏசாதீர்கள். பென்சிலில் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டினால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

"அப்பாவுக்கு இல்லையே, பையனுக்கு எப்படி?" என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும். இந்தக் குறை, பெற்றோரின் பரம்பரைக் குணங்களைப் பிள்ளைக்குக் கொண்டுவரும் குரோமோசோம்களில் எக்ஸ் (X) என்பதில் வருகிறது. மகனுக்குத் தகப்பன் கொடுப்பது வை (Y) குரோமோசோம், எக்ஸ் தாயிடமிருந்துதான். தாய்க்கு எல்லா நிறமும் தெரியும், ஆனாலும் அவர் அதைச் சுமந்திருக்கலாம். அப்படிச் சுமந்தால் ஒவ்வொரு மகனுக்கும் வாய்ப்பு சரிபாதி. எனவே விசாரிக்க வேண்டியது தாய்வழித் தாத்தாவையும் தாய்மாமனையும். பெண்பிள்ளைக்கு வர இரண்டு எக்ஸிலும் குறை இருக்கவேண்டும். அதனால்தான் ஐரோப்பிய வழியினரில் ஆண்களில் 12 பேரில் ஒருவருக்கு இருப்பது, பெண்களில் 200 பேரில் ஒருவருக்குத்தான். ஆனால் தாய்மாமனைக் கட்டும் வழக்கமுள்ள நம் குடும்பங்களில் பெண்பிள்ளைகளுக்கும் வாய்ப்புக் கூடுகிறது. இதை யாரும் யோசிப்பதில்லை.

அப்புறம் ஃபோன் பரிசோதனை. ஜப்பானிய வைத்தியர் இஷிஹாரா 1917இல் வெளியிட்ட, வண்ணப் புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் படங்களை ஃபோனில் காட்டி முடிவெடுக்காதீர்கள். திரைக்குத் திரை நிறம் மாறும். லயத்து மஞ்சள் பல்பின் கீழும் வேண்டாம். அச்சிட்ட படத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கண் கிளினிக்கில் காட்டுவதே நல்லது, அதுவும் பிள்ளை தொழிலைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே. 1875இல் சுவீடனில் நடந்த லாகர்லுண்டா ரயில் விபத்துக்குப் பிறகு ரயில் ஊழியருக்கு நிறப் பரிசோதனை வந்தது. மலையகப் பாதையில் கைகாட்டியின் நிலையைப் பகலில் பார்த்துப் புரிந்துகொள்ளலாம், இரவில் விளக்கின் நிறம்தான்.

நிறக்குருடுக்கென்று விற்கும் நிறக் கண்ணாடி வாங்கிப் பணத்தைக் கரைக்க வேண்டாம். சிலருக்கு நிற வேறுபாடு கொஞ்சம் எடுப்பாகத் தெரியும், குணமாகாது.

பிறவியிலிருந்தே இருப்பது மாறாது. ஆனால் நன்றாக இருந்த பெரியவருக்குத் திடீரென நிறம் மங்கினால், அதுவும் ஒரு கண்ணில் மட்டும் என்றால், வைத்தியரிடம் போக வேண்டும். காசநோய்க்குக் கொடுக்கும் எதம்பியூட்டோல் மாத்திரை சிலரின் பார்வை நரம்பைப் பாதிக்கும். சிவப்பு, பச்சை மங்குவது அதன் ஆரம்ப அடையாளங்களில் ஒன்று. மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், அன்றைக்கே சிகிச்சை எடுக்கும் கிளினிக்குக்குப் போய்ச் சொல்லுங்கள்.