அந்தியில் பறந்தது வௌவாலா, குட்டி வல்லூறா?

மலேசியாவின் பத்துமலைக் குகைக்கோயில் படிக்கட்டில் அந்தி சாயும் நேரம் நின்றால் தலைக்கு மேலே எதுவோ விருட்டென்று போகும், பக்கத்தில் நிற்பவர் 'குருவி' என்பார். நீங்கள் முதலில் மணியைப் பாருங்கள். ஃபால்கனெட் என்கிற குட்டி வல்லூறு பகலில் வேட்டையாடுவது, குகையில் தங்கும் தேன் வௌவாலோ இருட்டத் தொடங்கிய பிறகுதான் கிளம்பும்.

அளவை மட்டும் நம்பாதீர்கள், பலரும் சறுக்குவது இங்கேதான். வல்லூறு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்கிறோம், ஆனால் நம் காட்டோரங்களில் இருக்கும் கருந்தொடை ஃபால்கனெட் ஏறக்குறைய 15 செ.மீ. நீளம்தான், ஏறத்தாழ சிட்டுக்குருவி அளவு. தேன் வௌவால் பல நேரம் அதைவிடக் கனமாகவே இருக்கும்.

அப்புறம் இறக்கை. வௌவாலுக்கு அது கையேதான்: நீண்ட நான்கு விரல்களுக்கு நடுவே தோல் விரிந்திருக்கும், கட்டைவிரல் மட்டும் வெளியே நகத்தோடு நிற்கும், அதனால் அது சிறகடிக்கும்போது இறக்கையின் வடிவமே மாறிக்கொண்டிருக்கும். வல்லூறின் இறக்கை விறைப்பான சிறகுகளால் ஆனது, நுனி கூராகத் தெரியும், படபடவென்று அடித்துக் கொஞ்சம் சறுக்கிப் போகும்.

ஃபால்கனெட்டைப் பார்க்க காலையில் காட்டோரப் பட்டமரங்களின் உச்சியைத் தேடுங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 பைனாகுலர் போதும், அவசரப்படாமல் நில்லுங்கள். கோலாலம்பூரை ஒட்டிய கோம்பாக் பக்கம் ஒருநாள் பார்த்தேன், மொட்டைக் கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது சட்டென்று பாய்ந்து ஒரு தும்பியோடு அதே கிளைக்குத் திரும்பியது. காலில் அழுத்திப் பிடித்து இறக்கைகளைப் பிய்த்துப் போட, அவை வெயிலில் மினுங்கிக்கொண்டே கீழே இறங்கின. அந்தக் கிளைக்கு அது மறுபடியும் வரும், எனவே இடத்தை விட்டு நகராதீர்கள். கூடு வைப்பது மரங்கொத்தியோ குக்குறுவான் பறவையோ விட்டுப்போன பொந்தில்.

வௌவாலைப் பார்க்க, டுரியான் பூக்கும் சமயம் தெரிந்தவர் தோட்டத்துக்குச் சாயங்காலமே போய்விடுங்கள். மொட்டு பிற்பகலில் விரியத் தொடங்கும், இரவில் வௌவால் வந்து நீண்ட நாக்கால் தேன் எடுக்கும், அப்போது அதன் முகமெல்லாம் மகரந்தம் ஒட்டும், அதோடு அடுத்த மரத்துக்குப் போகும். நாம் விரும்பித் தின்னும் டுரியான் காய்ப்பதில் இதற்குப் பெரிய பங்கு இருக்கிறது, அதனால் தயவுசெய்து கல்லெறிந்து விரட்டாதீர்கள். டார்ச்சை நேராக முகத்தில் அடிக்க வேண்டாம், கீழே விழுந்து கிடந்தாலும் வெறுங்கையால் தொட வேண்டாம்.

இன்னொன்று. அந்தி மங்கலில் காக்கை அளவுக்குக் கருப்பாக ஒன்று வௌவால்களின் பின்னாலேயே பாய்ந்தால், அது வௌவாலைப் பிடித்துப் பறந்தபடியே விழுங்கும் வேறொரு பருந்து. உங்கள் குறிப்பேட்டில் அதைக் குட்டி வல்லூறு என்று எழுதிவிடாதீர்கள்.