சிவஞானபோதத்தைப் படிக்கத் தொடங்குவது எப்படி

மெய்கண்டார் இயற்றிய சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தில் பன்னிரண்டே சூத்திரங்கள்தானே என்று நேராக உள்ளே இறங்குபவர் முதல் சூத்திரத்திலேயே திகைத்து நிற்பார். மாணவர் வினவ மெய்கண்டார் விடை கூறுவதாக அமைந்த உண்மை விளக்கத்தை முதலில் படித்தால், பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைப் பிணிக்கும் தளை) என்ற சொற்கள் பழகிவிடும்.

பின்னர், மேற்கோள் (நிறுவ வேண்டிய கருத்து), ஏது (அதற்கான காரணம்), எடுத்துக்காட்டு என்று சூத்திரம் வாதமாக விரிவதைக் கவனித்து, அந்த ஏது மேற்கோளை உண்மையில் நிறுவுகிறதா என எதிர்வாதியாக நின்று கேட்டு, விடையைச் சொந்த உரைநடையில் எழுதிய பிறகே சிவஞான முனிவரின் சிற்றுரையைத் திறக்க வேண்டும். அவரது விரிவான உரையான மாபாடியம் இப்போதைக்கு வேண்டாம்.

சிங்கப்பூர் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் லீ கொங் சியான் குறிப்புதவிப் பிரிவு நூல்களை இரவல் பெற முடியாது, குறிப்பேட்டோடு செல்லுங்கள். எம்ஆர்டி ரயில் பயணத்தில் சூத்திரத்தை மனனம் செய்யலாம், உரையைப் படிப்பது வீண்.