தாம்பரம் தாண்டி வீடு பார்க்கிறவர்கள் செய்யும் தவறுகள்

ஒவ்வொரு வருடமும் ஏப்ரல், மே மாதங்களில் சென்னைக்குத் தெற்கே ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் பக்கம் வீடு பார்க்க ஒரு கூட்டம் வரும். இரண்டாவது குழந்தை பிறந்திருக்கும், அல்லது மூத்த பிள்ளையை எல்கேஜி சேர்க்க வேண்டியிருக்கும், சைதாப்பேட்டையிலோ வடபழனியிலோ கல்யாணமானதும் பிடித்த சின்ன வீடு போதாமல் போயிருக்கும். தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று நிறையப் பேர் என்னிடம் வந்து, “அண்ணா, இந்த ஏரியா எப்படி?” என்று கேட்பார்கள். நாங்கள் இந்தப் பக்கம் குடிவந்த காலத்தில் செய்த அதே தவறுகளை இவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனசு வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பட்டா பாருங்கள், வில்லங்கச் சான்று எடுங்கள், சிஎம்டிஏ அல்லது டிடிசிபி என்ற அரசு நகரமைப்புத் துறைகளின் அங்கீகாரம் இருக்கிறதா பாருங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும், தெரியாவிட்டாலும் கடன் கொடுக்கிற வங்கி விடாது. பத்திரம் சுத்தமாக இருந்தும் குடும்பம் அல்லாடுகிற விஷயங்களைப் பற்றித்தான் இது.

ஒருவருடைய ஆபீஸை மட்டும் வைத்து ஊரை முடிவு செய்வது

எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருவது இந்தத் தவறைப் பார்த்தால்தான். கணவருக்கு கிண்டியில் வேலை என்று வையுங்கள். கூடுவாஞ்சேரியில் மின்சார ரயில் ஏறினால் ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தில் கிண்டி, சீசன் டிக்கெட் மலிவு, வாடகையும் குறைவு, அறை ஒன்று கூடுதல். கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. மனைவிக்கு எங்கே வேலை என்று நான் கேட்டால்தான் அந்தப் பேச்சே வரும். “சோழிங்கநல்லூர்ண்ணா. மேப்ல பார்த்தோம், பக்கம்தான் காட்டுது.”

மேப்பில் பக்கம்தான். ஆனால் கடற்கரை–செங்கல்பட்டு ரயில் பாதை எழும்பூர், நுங்கம்பாக்கம், மாம்பலம், கிண்டி என்று வடக்கும் தெற்குமாக ஒரே கோட்டில் போகிறது. சோழிங்கநல்லூர் இருக்கிற ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) அதற்குக் கிழக்கே தனியாகப் போகிறது. தாம்பரத்துக்குத் தெற்கே குடியிருக்கிற ஒருவர் அங்கே போக இரண்டையும் இணைக்கிற ரயில் கிடையாது. தாம்பரத்தில் இறங்கி, கிழக்குப் பக்கம் வந்து பஸ் பிடித்து, கேம்ப் ரோடு, மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகப் போக வேண்டும். இல்லையென்றால் வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போய், அங்கிருந்து வடக்கே திரும்பி நாவலூர், செம்மஞ்சேரி தாண்டி வர வேண்டும். வண்டியில் போனாலும் பஸ்ஸில் போனாலும் காலை ஒன்பது மணிக்கு இந்தச் சாலைகள் எப்படி இருக்கும் என்று ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறவர்களுக்குத் தெரிய வழியில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி. அவர் கிண்டி, அந்தப் பெண் சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் கம்பெனி, நல்ல சம்பளம், பத்து வருட அனுபவம். பெண் குழந்தைக்கு மூன்று வயது. வாடகைக்கு வந்து பார்க்காமல் நேராக வீட்டையே வாங்கினார்கள், இரண்டு சம்பளத்தை நம்பி இஎம்ஐ. குழந்தையை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு காப்பகத்தில் விட்டார்கள். மாலை ஆறு மணிக்கு ஆபீஸை விட்டுக் கிளம்பினால் அந்தப் பெண் தாம்பரம் ஸ்டேஷனுக்கு வர ஏழரை ஆகும். அங்கிருந்து தெற்கே போகிற வண்டிக்குக் காத்திருந்து, கூட்டத்தில் ஏறி, கூடுவாஞ்சேரியில் இறங்க எட்டேகால். காப்பகம் மூடுவது ஏழு மணிக்கு. ஏழுக்கு மேல் தனியாகக் காசு, அதைக்கூட கொடுத்துவிடலாம். ஒரு நாள் அவர்களுக்காக நான் போய்க் குழந்தையைக் கூட்டிவந்தேன். மற்ற பிள்ளைகள் எல்லாம் போயாகிவிட்டது. இந்தக் குழந்தை மட்டும் செருப்பு போட்டு, பையையும் மாட்டிக்கொண்டு, கிரில் கேட்டைப் பிடித்தபடி தெருவைப் பார்த்து நின்றது. ஆயா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வீட்டுக்குப் போக வேண்டிய அவசரத்தில் நிமிடத்துக்கு ஒருமுறை போனை எடுத்து மணி பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டைத் திறந்ததும் குழந்தை என்னைத் தாண்டி, பின்னால் அம்மா வருகிறாளா என்றுதான் பார்த்தது.

ஒரு வருடத்துக்குள் அந்தப் பெண் வேலையை விட்டாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள விட்டுவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் பெருமையாகப் பேசினார்கள். எனக்குக் கேட்கவே பொறுக்கவில்லை. அவளுக்கு வேலையை விட வேண்டும் என்று எண்ணமே இல்லை, தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் போகிற சாலைதான் விட வைத்தது. மாதம் சில ஆயிரம் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு முழுச் சம்பளம் போனது. இஎம்ஐ அப்படியே இருக்கிறது, அவர் இப்போது கூடுதல் வேலை பார்க்கிறார், பத்து மணிக்கு வீடு வருகிறார். இந்த ஒரு குடும்பம் மட்டுமல்ல, எங்கள் தெருவிலேயே இப்படி வேலையை விட்ட பெண்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் வீடு பார்க்கிறபோது கணவரின் பயணத்தைத்தான் கணக்குப் போட்டார்கள், மனைவியின் பயணம் “எப்படியாவது சமாளிச்சுக்கலாம்” என்ற ஒரு வார்த்தையில் முடிந்தது.

அதனால் நான் சொல்வது இதுதான். வீட்டை இறுதி செய்வதற்கு முன்னால் ஒரு வேலை நாளில், செவ்வாயோ புதனோ, இரண்டு பேரும் அந்த வீட்டு வாசலிலிருந்து தங்கள் தங்கள் ஆபீஸ் வாசல் வரை போய், மாலையில் திரும்பியும் வந்து பாருங்கள். திரும்பி வருவதுதான் முக்கியம். காலையில் தெற்கேயிருந்து ஏறும்போது உட்கார இடம் கிடைக்கலாம். மாலையில் நிறைய வண்டிகள் தாம்பரத்தோடு நின்றுவிடும், அதற்கு மேலே போகிற செங்கல்பட்டு வண்டி அத்தனை அடிக்கடி கிடையாது. கடற்கரையிலிருந்து தாம்பரம் சுமார் 29 கிலோமீட்டர், தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு கிட்டத்தட்ட இன்னொரு 30. முதல் பாதிக்கு இருக்கிற ரயில் வசதியை இரண்டாம் பாதியிலும் எதிர்பார்த்து வீடு பிடிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமையில் பராமரிப்பு என்று வண்டிகளைக் குறைப்பதும் உண்டு.

அப்புறம் ஒரு கேள்வி. பள்ளிக்கூடத்திலிருந்து பகல் 12 மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தால், இரண்டு பேரில் யார் ஒரு மணி நேரத்துக்குள் வர முடியும்? ஒருவராலும் முடியாது என்றால் அந்த ஊர் உங்களுக்குச் சரிப்படாது, வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

இரண்டு ஆபீஸும் இரண்டு திசை என்றால் சந்திப்பில் இருங்கள். கிண்டியும் சோழிங்கநல்லூரும் என்றால் கிழக்குத் தாம்பரம், சேலையூர் பக்கம் ஓர் அறை குறைவான வீடு, கொஞ்சம் கூடுதல் வாடகை, ஆனால் இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரே ஏற்றம் இறக்கம். ஒருவருக்கு மகேந்திரா சிட்டி, இன்னொருவருக்கு கிண்டி என்றால் கூடுவாஞ்சேரி அருமையான இடம், மகேந்திரா சிட்டிக்காரர் பரனூர் பக்கம் கூட்டத்துக்கு எதிர்த் திசையில் போகலாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை என்றால் இந்தப் பாதையையே மறந்துவிட்டு மேற்குப் பாதையில் ஆவடி, திருநின்றவூர் பாருங்கள். எங்கள் ஊர் நல்ல ஊர்தான், அதற்காக எல்லோரையும் இங்கே வா என்று என்னால் சொல்ல முடியாது.

“ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிடம்”

பைக்கில் பத்து நிமிடம் என்று அர்த்தம், அதுவும் சாலையில் யாரும் இல்லாத நேரத்தில். நடந்தால் முக்கால் மணி நேரம். வீட்டில் ஒரே வண்டி இருந்து அதையும் ஒருவர் ஸ்டேஷன் வாகன நிறுத்தத்தில் விட்டுவிட்டுப் போனால், வீட்டில் இருப்பவர் கைக்குழந்தையோடு தடுப்பூசிக்குப் போக எதில் போவார்? ஷேர் ஆட்டோ பகலில் நிறைய ஓடும். இரவு ஒன்பதரைக்கு மேல் ரயிலை விட்டு இறங்கிப் பாருங்கள், பிரதான சாலையோடு சரி, உள்ளே வர தனியாகப் பேசிக் காசு கொடுக்க வேண்டும். தெருவிளக்கு இருக்கிற வழியில் ஒன்றரை கிலோமீட்டருக்குள் கிடைத்தால் சின்ன வீடாக இருந்தாலும் எடுங்கள். ஜிஎஸ்டி சாலையை, அதாவது சென்னையிலிருந்து தெற்கே போகிற நெடுஞ்சாலையை, தாண்டி மறுபக்கம் என்றால், எங்கே, எப்படிக் கடக்கிறார்கள் என்று நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், ஏனென்றால் நாளைக்கு உங்கள் பிள்ளையும் சைக்கிளில் அங்கேதான் கடக்கும்.

கோடையில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது

மே மாதத்தில் எல்லா நகரும் மேடாகத்தான் இருக்கும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி வந்தபோது முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரத்தின் பல பகுதிகளில் படகு விட்டு ஆட்களை வெளியே கொண்டுவந்தார்கள். அதற்கு முன்னால் அங்கே வீடு வாங்கியவர்கள் யாரும் ஏமாளிகள் இல்லை, காய்ந்த தரையைப் பார்த்து வாங்கியவர்கள், அவ்வளவுதான். செங்கல்பட்டு மாவட்டம் முழுக்க ஏரிகள். ஓர் ஏரி நிறைந்தால் உபரி நீர் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். அந்த வழியில் மனை போட்டிருந்தால் தண்ணீர் மனைக்குள்ளே வரும்.

பார்க்க வேண்டியது என்னவென்றால், காம்பவுண்டுச் சுவரில் ஒரே மட்டத்தில் ஓடுகிற பழைய ஈரக் கறை, பக்கத்து வீடுகளில் வாசல்படி எத்தனை உயரம், தெருவில் பழைய வீடுகள் எல்லாம் சாலையை விடத் தாழ்ந்து கிடக்கின்றனவா என்பது. சாலையை மேலே மேலே போடப் போட வீடு பள்ளமாகிக்கொண்டே போகும். தரகரிடம் கேட்காதீர்கள், காலையில் பால் பாக்கெட் போடுகிறவரிடம் கேளுங்கள். மழைக்காலத்தில் எந்தத் தெருவுக்குள் போக முடியாமல் முனையிலேயே பாலைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார் என்று அவருக்கு நினைவிருக்கும். முடிந்தால் நவம்பரில் ஒரு தடவை, நன்றாக மழை பெய்த மறுநாள் வந்து பாருங்கள்.

வரப்போகிற மெட்ரோவுக்கு இன்றே விலை கொடுப்பது

வேண்டாம்.

எல்கேஜியை மட்டும் பார்ப்பது

தெரு முனையிலேயே மழலையர் பள்ளி இருக்கும், சுவரெல்லாம் படம் வரைந்து அழகாக இருக்கும். அது ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். ஆறாம் வகுப்புக்கு எங்கே, பிளஸ் ஒன்னில் பிள்ளை கேட்கிற பாடப்பிரிவு எங்கே என்று இப்போதே பாருங்கள், இரண்டு குழந்தை என்றால் இரண்டும் ஒரே திசையில் போகுமா என்றும் பாருங்கள். ஒருவன் தாம்பரம் பக்கம், இன்னொருத்தி செங்கல்பட்டு பக்கம் என்று ஆகிவிட்ட வீட்டில் காலை ஐந்தரைக்கு அடுப்பு பற்ற வைக்க வேண்டும். பள்ளி வேன் உங்கள் தெருவுக்குள் வருமா, முனையில்தான் நிற்குமா என்பதைப் பள்ளி அலுவலகத்தில் கேட்பதை விட வேன் ஓட்டுநரிடமே கேட்பது நல்லது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளியில் 25 சதவீத இட ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு 1 கிலோமீட்டர் தூரம் முக்கியம், முகவரிச் சான்றும் அந்த வீட்டுக்கே இருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம் எழுதும்போதே அதை மனதில் வையுங்கள்.

அரசுப் பள்ளியையும் போய்ப் பாருங்கள். இந்தப் பக்கம் சில பள்ளிகளில் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டாலே தெரிந்துவிடும்.

தண்ணீரைச் சுவைத்துப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்பது

குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளியுங்கள். பாத்ரூம் டைல்ஸில் வெள்ளை உப்பு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். மே மாதம் லாரி வருகிறதா என்று எதிர்வீட்டில் கேளுங்கள்.

ராத்திரி ஆஸ்பத்திரியை நினைத்துப் பார்க்காதது

குழந்தை இருக்கிறது, பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து அப்பா அம்மாவும் வரப்போகிறார்கள். செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, குரோம்பேட்டையில் அரசு மருத்துவமனை, நடுவில் தனியார் மருத்துவமனைகள். ஆனால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தின இரண்டு நாட்கள் சென்னையே ஊருக்குக் கிளம்பி பெருங்களத்தூரிலிருந்து பரனூர் சுங்கச்சாவடி வரை ஜிஎஸ்டி சாலை அடைத்து நிற்கும். 2023 கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு ஊரப்பாக்கம், வண்டலூர் பக்கம் அந்த நெரிசல் கூடத்தான் செய்திருக்கிறது. அந்த ராத்திரியிலும் சாலையைத் தொடாமல் போகக்கூடிய ஒரு டாக்டர் உங்கள் பக்கத்தில் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வந்தவுடன் வாங்குவது

முதலில் 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு வாருங்கள். அதற்குள் ஒரு ஜூனும் ஒரு நவம்பரும் வருகிற மாதிரி வந்தால் போதும், பள்ளி திறக்கிற காலை எப்படி, மழை எப்படி என்று இரண்டும் தெரிந்துவிடும். இப்போதே வாங்காவிட்டால் விலை ஏறிவிடுமே என்று தரகர் அவசரப்படுத்துவார், ஏறட்டும். பிடிக்காத ஊரில் வாங்கிய வீட்டை விற்கப் போனால் பத்திரச் செலவும் பதிவுக் கட்டணமும் கையை விட்டுப் போனதுதான், ஆள் கிடைக்கும்வரை வட்டியும் கட்ட வேண்டும். வாடகை வீட்டில் ஒன்பதாவது மாதம் வாக்கில் கணவன் மனைவி இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள், அதிலும் தூரம் அதிகமாகப் போய் வருகிறவர் முதலில் பேசட்டும். அவர் வேண்டாம் என்றால் வீட்டுக்காரரிடம் இரண்டு மாத நோட்டீஸ் சொல்லிவிட்டு வேறு ஊர் பாருங்கள்.