வரையச் சொல்வதற்கு முன்னால்: துயரத்தில் இருக்கும் பிள்ளைகளிடம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளம், விபத்து, வீட்டில் ஒரு சாவு என்று எது நடந்தாலும் பிள்ளைகளைக் கூட்டிவைத்து ஓவியம் வரையவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. நல்ல வழக்கம்தான். வாயால் சொல்ல வராததைக் கையால் சொல்லிவிடும் பிள்ளைகள் நிறைய உண்டு. ஆனால் க்ரேயானைக் கையில் கொடுத்ததுமே "அன்னிக்கு என்ன நடந்துச்சோ அதை வரை" என்கிறோம். இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான்.

எல்லாவற்றையும் உடனே கொட்டிவிட்டால் மனசு லேசாகிவிடும் என்று நினைக்கிறோம். மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தது. பேரிடர் நடந்த சில நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவரை உட்காரவைத்து, ஒரே அமர்வில் நடந்தது முழுவதையும் சொல்லவைத்தார்கள். பின்னால் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அதனால் பலன் இல்லை என்று தெரிந்தது. சிலருக்கு நிலைமை மோசமாகக்கூட ஆகியிருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, நடந்ததைச் சொல்லும்படி யாரையும் நெருக்காதீர்கள் என்று தெளிவாகவே சொல்கிறது. பேச்சுக்குப் பொருந்துவது படத்துக்கும் பொருந்தும்.

அப்படியென்றால் எதை வரையச் சொல்வது? 1942-ல் நாஜிகள் இன்றைய செக் நாட்டில் உள்ள தெரேசின் முகாமில் அடைத்த யூதர்களில் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியரும் ஒருவர். அங்கே அடைபட்டிருந்த பிள்ளைகளுக்கு அவர் வகுப்பு எடுத்தார். கோடு, நிறம், காகிதத்தை வெட்டி ஒட்டுவது என்று கலையையே முறையாகச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் பூக்களை வரைந்தார்கள், விட்டுவந்த வீடுகளை வரைந்தார்கள். முகாமை வரைந்தவர்களும் உண்டு. படத்தில் தங்கள் பெயரைத் தாங்களே எழுதவைத்தார். 1944-ல் அவர் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். மிஞ்சிய சுமார் 4,500 படங்கள் பிராக் நகரின் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இன்னும் கைக்கு எளிதான வழி, 'வாழ்க்கை மரம்'. ஜிம்பாப்வேயைச் சேர்ந்த உளவியலாளர் என்காசெலோ என்கூபேயும் ஆஸ்திரேலியாவின் டேவிட் டென்பரோவும் சேர்ந்து உருவாக்கியது. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் எய்ட்ஸால் குடும்பத்தை இழந்த பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. பிள்ளை ஒரு மரம் வரையும். வேர் என்றால் சொந்த ஊர், குடும்பம், கேட்டு வளர்ந்த பாட்டு. தரை இப்போதைய அன்றாடம். அடிமரத்தில் தனக்குத் தெரிந்த வேலைகள், திறமைகள். கிளைகள் ஆசைகள். இலைகள் தனக்கு முக்கியமான மனிதர்கள், இறந்துபோனவர்களும் இதில் சேர்த்தி. செத்துப்போன ஆத்தா அந்த மரத்தில் இலையாக இருக்கலாம், அதை யாரும் உதிர்க்கச் சொல்ல மாட்டார்கள். எல்லா மரங்களையும் சுவரில் சேர்த்து ஒட்டிக் காடாக்கிய பிறகுதான் 'புயல்', அதாவது பட்ட துயரம், பற்றிய பேச்சே வரும். இந்த வரிசையை மாற்றக் கூடாது. காலூன்ற இடம் கிடைத்த பிள்ளைதான் புயலைத் திரும்பிப் பார்க்கும்.

அடுத்த தவறு, படத்துக்கு நாமே பொருள் சொல்வது. கறுப்பு அதிகம் இருந்தால் மனச்சோர்வு, மனித உருவத்துக்குக் கை வரையாவிட்டால் பயம் என்று பட்டியல் வைத்திருக்கிறார்கள். பெட்டியில் மிச்சம் இருந்த க்ரேயான் கறுப்பு மட்டுமாக இருந்திருக்கலாம். "இதைப் பத்திச் சொல்றியா?" என்று ஒரு கேள்வி போதும். சொல்லாவிட்டால் சரி, விட்டுவிடுங்கள்.

முதல் பரிசு, இரண்டாம் பரிசு வேண்டவே வேண்டாம். அழகாக வரைய வேண்டும் என்ற பயம் வந்துவிட்டால் பிள்ளை நமக்குப் பிடித்ததைத்தான் வரையும். அப்புறம், படத்தை போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது, நன்கொடையாளர் முன்னால் அந்தப் பிள்ளையையே நிறுத்தி விளக்கச் சொல்வது. படம் பிள்ளையுடையது. காட்டலாமா என்று அதனிடம் கேளுங்கள், வேண்டாம் என்றால் மடித்துக் கையில் கொடுத்துவிடுங்கள்.

கதை சொல்லும்போது நடக்கும் தவறு வேறு மாதிரி. அப்பா இறந்த வீட்டில் "அப்பா வெளியூர் போயிருக்கார்" என்று கதை கட்டுகிறோம். அன்பினால்தான் சொல்கிறோம், ஆனால் பிள்ளை காத்திருக்கும். ஏன் வரவில்லை, நான் செய்த சேட்டையாலா என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொள்ளும். கதையில் யானை பேசலாம், நிலா இறங்கி வரலாம். இறந்தவர் இறந்துவிட்டார் என்பது மட்டும் உண்மையாக இருக்க வேண்டும். பிள்ளையே கட்டும் கதைக்கு "கடைசியில எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்க" என்று நாம் முடிவு எழுதுவதும் தேவையில்லை.

ஒருநாள் முகாமோடு கையைக் கழுவுவதும் தவறுதான். மட்டக்களப்பில் போர் நடந்துகொண்டிருந்த 1996-ல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாகக் களிமண் பிசைந்தார்கள், ஓவியம் தீட்டினார்கள், கதை சொன்னார்கள், நாடகம் போட்டார்கள். மாதக்கணக்கில் வந்து போனார்கள். நம்பிக்கை உண்டாக அவ்வளவு நாளாகும்.

எப்போது நம் கையை மீறுகிறது? 1976-ல் அமெரிக்காவின் சௌச்சில்லாவில் பள்ளிப் பேருந்தோடு கடத்தப்பட்ட 26 பிள்ளைகளில் பெரும்பாலோரை ஆராய்ந்த மனநல மருத்துவர் லெனோர் டெர், சிலர் நடந்ததையே திரும்பத் திரும்ப விளையாடியதையும், அதில் ஆறுதல் எதுவும் கிடைக்காததையும் கவனித்தார். ஒரே காட்சியை மாற்றமே இல்லாமல் வாரக்கணக்கில் வரைவது, தூக்கம் கெடுவது, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றிப் பேசுவது என்று கண்டால் க்ரேயானை நம்பிக் காத்திருக்க வேண்டாம். இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 என்ற மனநல உதவி எண்ணை அன்றைக்கே அழையுங்கள்.