கரையைக் கடந்த புயல் கொடைக்கானல் ஏறும்போது

‘புயல் கரையைக் கடந்தது’ என்று டிவியில் சொன்னதும், அப்பாடா என்று போர்வையை இழுத்துக்கொள்வதுதான் மலைக்காரர்கள் செய்யும் முதல் தவறு. கஜா 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. அன்றைக்கே திண்டுக்கல் வழியாக இங்கும் வந்துவிட்டது. டெல்டாவில் தென்னை விழுந்த அதே நாளில் கொடைக்கானலில் கற்பூர மரங்கள் விழுந்தன.

அடுத்தது, காற்று வலுத்த பிறகு வண்டியை எடுத்துக் கீழே இறங்கப் பார்ப்பது. வத்தலக்குண்டு ரோடு, பழனி ரோடு என்று இரண்டு வழி இருக்கிறதே என்போம். இரண்டும் பெருமாள்மலையில் ஒன்று சேர்ந்துதான் ஊருக்கு ஏறுகின்றன. அதற்கு மேலே ஒரு பெரிய மரம் சாய்ந்தால் போதும், ஊர் தீவாகிவிடும். போவதென்றால் முந்தின நாள் பகலிலேயே போய்விட வேண்டும். இல்லையென்றால் இருக்கிற இடத்திலேயே இருப்பது மேல்.

கேரட்டுக்கும் பீன்ஸுக்கும் இங்கே பஞ்சம் வராது. பால் பாக்கெட், பெட்ரோல், மாத்திரை எல்லாம் கீழிருந்து வர வேண்டியவை. கரண்ட் போனால் ஏடிஎம் ஓடாது. சிக்னல் போனால் ஜிபேயும் கிடையாது. கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும்.

நான் அதிகம் பயப்படுவது கரி அடுப்புக்குத்தான். கஜா வந்த அன்று ராத்திரி மெழுகுவத்தி கேட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். குளிர் வராமல் இருக்கக் கதவிடுக்கில் பழைய சேலையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். உள்ளே இரும்புச் சட்டியில் கரி, புகையே இல்லாமல் கனன்றுகொண்டிருந்தது. “தலை கிறுகிறுன்னு வருது தம்பி, பசியா இருக்கும்” என்றார் அந்த அக்கா. பசியில்லை. அடைத்த அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவருக்கு விழிப்பே வராது. புகை இல்லையே என்ற தைரியம்தான் ஆளைக் கொல்கிறது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தாலும் அதை நம்பித் தூங்க முடியாது. சட்டியை வெளியே வைத்துவிட்டு இரண்டு கம்பளியாகப் போர்த்திக்கொள்ளுங்கள்.

அப்புறம், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மண்சுவர். மலையை வெட்டித்தானே பாதி வீடுகள் நிற்கின்றன! தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிய விட்ட ஓட்டைகளைச் செடியும் சேறும் அடைத்திருக்கும். மழைக்கு முன்பே கம்பியால் குத்திவிடுங்கள். தெளிவாக வடிந்த தண்ணீர் திடீரென்று டீ நிறத்துக்கு மாறினாலோ, நேற்று வரை சரியாக மூடிய கதவு இன்று இறுக்கிப் பிடித்தாலோ, சாமான்களைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் வெளியேறுங்கள். கொட்டுகிற மழையில் ஓடைத் தண்ணீர் சட்டென்று குறைந்தால் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, மேலே எங்கோ மண் சரிந்து அடைத்திருக்கலாம். பாதுகாப்பான இடத்துக்குப் போனதும் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குச் சொல்லுங்கள்.

ஜெனரேட்டர் வைத்திருக்கும் காட்டேஜ்காரர்களுக்கு ஒன்று. அதை வீட்டு பிளக்கில் நேராகச் செருகாதீர்கள். லைனிலிருந்து வீட்டை முழுக்கத் துண்டிக்காவிட்டால் கரண்ட் வெளியே பாயும். அந்த நேரத்தில் கம்பத்தின் மேல் லைன்மேன் இருப்பார்.